சஷ்டி நாளில் இரண்டு நெய் ரோஸ்ட்

முதலில் காபியைக் குடியுங்கள், வக்கீல் ஐயா. ஆறிப்போனால் நன்றாக இருக்காது. சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். கையெழுத்துக்கு ஒன்றும் அவசரமில்லை. இன்று கம்பெனிக்கு லீவு, பனியன் மெஷின் சத்தம் இல்லாமல் நிதானமாகப் பேசலாம்.

என் தம்பி ஞானசம்பந்தம் தெருமுனையில் டாக்சியில் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மாடியிலிருந்து பார்த்தேன். அக்காள் முகத்தில் விழிக்கமாட்டானாம். சோமனூரில் அவனுடைய மாமனார் மருதாசலம் அவனை வாசலிலேயே நிறுத்திச் சொன்னதும் எனக்குத் தெரியும். "செத்துப்போன எம் புள்ள பேருல பழியப் போட்டவ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அதைச் சொந்தபந்தத்துக்கு முன்னால படிச்சுப்போட்டு, அப்பறம் கொழந்தையத் தொடுங்க." இதுதானே அவர் சொன்னது? குழந்தைக்கு ஒன்றரை வயதாகிறது. அவன் இன்னும் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. நான் கையெழுத்துப் போட்டால் இன்று சாயங்காலமே தூக்கலாம்.

போட்டுத் தருகிறேன். ஆனால் நீங்கள் எழுதிக்கொண்டு வந்திருக்கும் தாளில் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதவேண்டும். நான் சொல்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் போனார். சம்பந்தத்துக்கு அப்போது ஆறு வயது. அப்பா, அம்மா இருவரும் இல்லை. நான் இந்த வீட்டுக்கே திரும்பி வந்து அவனை வளர்த்தேன். அவன் தலையெடுக்கட்டும் என்று என் தாலிக்கொடியையும் வளையல்களையும் விற்றுக் கல்கத்தாவிலிருந்து ஒரு பழைய பனியன் மெஷினை வரவழைத்தேன். இந்தக் கம்பெனி அந்த ஒரு மெஷினில் தொடங்கியது. வெளியே பலகையில் அவன் பெயர் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. விவரம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் குலத்துக்கு முருகன்தான் எல்லாம். மாதாமாதம் வளர்பிறை சஷ்டிக்கு நான் விரதம் இருப்பேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர். உச்சிப்பொழுதில் பூஜை அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஜபம். சாயங்காலம் தெருப் பெண்கள் வந்து வரிசையாக நின்று என் கையால் திருநீறு வாங்கிக்கொள்வார்கள். நூல் வியாபாரிகூட, "கமலாம்பாள் அம்மா விரதமிருக்கற ஊடு, கடன் குடுத்தாப் போவாது" என்று சொல்லித்தான் மூட்டையை இறக்குவான். என் பட்டினியில் இந்தக் கம்பெனிக்கு நூல் வந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விரதம் என்று வைத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்டதில்லை. வெள்ளைச் சீலை கட்டின மறு மாதம் என் பெரியப்பா வைத்தார். வயிறு காய்ந்தால் மனசு அலையாதாம். பத்தொன்பது வயது. வெங்காயம் கூடாது, கடைப் பண்டம் கூடாது, இருட்டின பிறகு ஒரு வேளைச் சோறு. நான் சரி என்றேன். பதினோரு வருஷம் சரி என்றேன்.

இப்போது ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன். வெளியூர் வியாபாரிகள் வந்தால் அவர்களுக்குச் சாப்பாடு போடுவது கம்பெனிகளின் வழக்கம். எங்களுக்கு அப்புசாமி ஹோட்டலில் பற்றுக்கணக்கு. வியாபாரியிடம் கம்பெனி முத்திரை குத்திய சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவோம். அவர் என்ன சாப்பிட்டாரோ அதை ஹோட்டல்காரரே சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார். மாதக் கடைசியில் எல்லாச் சீட்டையும் பில்லோடு சேர்த்து அனுப்புவார். பில்லைப் பார்ப்பது, சரி என்று கோடு போடுவது, கம்பியில் குத்தி வைப்பது எல்லாம் என் வேலை.

ஒரு சஷ்டி அன்று, எனக்கு முப்பது வயது அப்போது, அந்த ஹோட்டலில் பார்சல் சுமக்கிற சென்னியப்பன் பூஜை அறையின் சன்னலை ஒட்டிய சந்தில் சைக்கிளை நிறுத்திப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். கேரியரில் வேறு யாருக்கோ கொண்டுபோகிற ரோஸ்ட். முறுகலான நெய் வாசனை சன்னல் கம்பி வழியாக உள்ளே வந்தது. நான் ஒரு சீட்டை நீட்டினேன். "இதே மாதிரி ரெண்டு கொண்டா" என்றேன். அவன் என்னையும் என் வெள்ளைச் சீலையையும் பார்த்தான். "ஆகட்டுங்கம்மா" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். முதலாவது பசிக்கு. இரண்டாவது கோபத்துக்கு. கூட இரண்டு ஜாங்கிரியும் இரண்டு காபியும். சாம்பிராணியை அதிகமாகப் போட்டால் நெய் வாசனை வெளியே தெரியாது. முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆட்சேபணை சொல்லவில்லை.

ஏழு வருஷம் இப்படி நடந்தது. அது திருட்டு என்று உங்கள் தாளில் இருக்கிறது. யார் பணம், ஐயா? என் கழுத்தில் கிடந்தது மெஷினாயிற்று, மெஷின் பனியனாயிற்று, பனியன் பணமாயிற்று. அதில் மாதம் ஒரு நாள் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். நிமிர்ந்து, எல்லார் முன்னாலும் சாப்பிட முடியாததால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

பிறகு செல்லாத்தாள் வந்தாள். நானே சோமனூர் போய்ப் பார்த்து முடித்த பெண். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், சிரித்தால் கன்னம் குழியும். புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவார்கள். வாய்க்கு வாய் நங்கையா, நங்கையா என்று என் பின்னாலேயே சுற்றுவாள். நானும் விரதம் இருப்பேன் என்றாள். நான் உள்ளே ஜபத்தில் இருக்கும்போது கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாட்டுப் படிப்பாள். நல்ல குரல். பட்டினியிலும் பிசிறு தட்டாது.

நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, சம்பந்தம் என்னிடம் வந்து, "அக்கா, உனக்குத்தான் கண்ணு வலிக்குதே. இனிமே பில்லெல்லாம் செல்லா பாக்கட்டும்" என்றான். எனக்குக் கண் வலி இல்லை. எப்போதோ ஒரு நாள் தூசி விழுந்ததைச் சொல்லியிருப்பேன். பில் நோட்டும் சீட்டுக் கட்டும் முத்திரையும் அவள் கைக்குப் போயின. என்னைக் கேட்டுச் செய்யவில்லை, சொல்லிவிட்டுச் செய்தான்.

அவள் சுறுசுறுப்பு. திங்கட்கிழமையே வாரத்துக்கு வேண்டிய பத்துச் சீட்டில் முத்திரை குத்தி, மூலையில் "செ" என்று எழுதி மேஜையில் வைத்துவிடுவாள், சமையல் நடுவில் எழுந்து வரவேண்டாமே என்று. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றே அவள் எழுத்து உள்ளதை எடுத்தேன் என்கிறீர்கள். கைக்குக் கிடைத்தது அதுதான்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நேற்று வந்த பெண் பில் பார்க்கிறாள் என்பதற்காக நான் ஏன் நிறுத்தவேண்டும்?

கல்யாணமாகி எட்டாம் மாதம் அவள் கண்டுபிடித்தாள். சம்பந்தம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட மூன்று சீட்டுகளை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏனுங்க, இந்த மூணும் நம்முளுது இல்லீங்க."

"எப்படிச் சொல்றே? நீதானே 'செ' போட்டிருக்கறே?"

"எழுத்து என்னுதுதானுங்க. தேதியப் பாருங்க. மூணும் சஷ்டி. அன்னிக்கு நம்ம ஊட்ல அடுப்பே பத்த வெக்கறதில்ல. வியாபாரிக யாரும் வரவுமில்ல, வந்தவங்க பேரெல்லாம் நோட்டுல இருக்குதே. அப்பறம் யாரு தின்னது? அதும் ரெண்டு ரெண்டு ரோஸ்டு."

"சாமியே எறங்கி வந்து தின்னுட்டுப் போயிருக்கும்."

"சாமிக்கு ஜாங்கிரியும் கேக்குதாக்கும்" என்று சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். "நங்கையா, நீங்களே சொல்லுங்க. ஹோட்டல்காரரு நம்மளை ஏமாத்தறாருதானுங்களே?"

"கேட்டுப் பார்க்கட்டும்" என்றேன். அந்தச் சிவப்பு வட்டங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஏழு வருஷத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஒரு விஷயம். அதைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல வட்டம் போட்டிருந்தாள்.

மறுநாள் சம்பந்தம் பணம் கொடுக்க முடியாது என்று சொல்லியனுப்ப, அப்புசாமி நேரிலேயே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. கூடவே சென்னியப்பனையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க தம்பி, பத்து வருசமா உங்க கம்பெனி ஆளுகளுக்கு எலை போடறேன். ரெண்டு ரோஸ்டுக்குக் கள்ளன்னு சொல்லிப்போட்டீங்களே. சீட்டு உங்குளுது, முத்திரை உங்குளுது, எழுத்து உங்க சம்சாரத்துது. தின்னது நானுங்களா?"

"வியாபாரிக யாரும் வர்லீங்களே" என்றாள் செல்லாத்தாள்.

"வியாபாரி எங்கம்மா வந்தான்? பார்சலு. சொல்றா சென்னியப்பா, எங்க கொண்டாந்து குடுத்தே?"

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "இந்த ஊட்டுக்குத்தானுங்க. சந்துப் பக்கம்."

சந்துப் பக்கம் பூஜை அறை சன்னலும் இருக்கிறது, சமையல்கட்டுக் கதவும் இருக்கிறது.

"யாரு வாங்கினாங்க?"

"அம்மா வாங்கினாங்க."

"எந்த அம்மாடா? ஊட்ல இருக்கறது ரெண்டு பேரு. பெரியம்மா அன்னிக்குப் பச்சத் தண்ணி பல்லுல படாமப் பூஜையில இருக்கறவங்க. ஊருக்கே தெரியும்."

சென்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முறைக்கவில்லை, சும்மா பார்த்தேன். "நான் தூக்குப்போசியை வெச்சுப்போட்டுப் போயிருவேனுங்க. மூஞ்சியப் பாக்கறதில்லீங்க" என்றான்.

சம்பந்தம் சஷ்டிதோறும் காலை பஸ்ஸில் சென்னிமலைக்குப் போய் மாலையில்தான் திரும்புவான். அவன் இல்லாத நாள். இரண்டு பேருக்கான பலகாரம். அவன் அதைக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நான் எந்த ஆம்பிளையின் பெயரையும் சொல்லவில்லை, ஐயா. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவனாகவே ஒருவனை அங்கே உட்காரவைத்துக்கொண்டான்.

அப்புசாமி போன பிறகு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்போதும் அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. பில்லைப் பற்றித்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நங்கையா, நீங்க உள்ள இருந்தப்ப நான் கூடத்துல பாட்டுப் படிச்சிட்டேதான இருந்தேன்? ஒரு நிமிசம் நிறுத்தலீங்களே. உங்களுக்குக் கேட்டிருக்குமே. இவருகிட்டச் சொல்லுங்க."

கேட்டது. மூன்று சஷ்டியிலும் கேட்டது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, இலையைச் சன்னல் வழியாகக் கொடுத்தனுப்பும்வரை அந்தக் குரல் நிற்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அவள் குரல் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் கதவைத் தட்டமாட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

"ஜபத்தில் இருக்கும்போது வெளிச்சத்தம் எதுவும் என் காதில் விழாது, கண்ணு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லாமல் விட்டது அவளுடைய மரியாதை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது போலிருந்தது. இருபது வயதுப் பெண் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதா?

மூன்றாம் நாள் சம்பந்தம் அவளைச் சோமனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அதற்கு நான்கு நாள் முன்புதான் அவள் என்னிடம் மட்டும், வெட்கப்பட்டுக்கொண்டே, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றிருந்தாள். அவள் சொல்லவில்லை, அதனால் நான் சொன்னேன். பஸ் போன பிறகு சொன்னேன். "அந்த மாதம் நீ கல்கத்தாவில் எத்தனை நாள் இருந்தாய்?" என்று மட்டும் கேட்டேன். இருபது நாள் இருந்தான். கேள்வி கேட்பது பொய் ஆகுமா? நீங்கள் சட்டம் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்துச் சென்னியப்பன் சன்னலுக்கு வந்தான். "அம்மா, அந்தப் புள்ள பாவமுங்க. ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டான், என் எச்சில் இலையை எடுத்தவன். அன்றே அப்புசாமிக்கு ஆள் அனுப்பினேன், ஆபீஸ் காபியில் உங்கள் ஆள் வழியில் வாய் வைக்கிறான் என்று. வேலை போய், இப்போது பெருமாநல்லூரில் ஏதோ டீக்கடையில் இருக்கிறானாம். அவனையும் நீங்கள் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள், உங்கள் தாளைப் படித்தால் தெரிகிறது.

மருதாசலம் இரண்டு முறை வந்தார். சம்பந்தம் மாடியை விட்டு இறங்கவில்லை. நான்தான் மோர் கொடுத்தேன். "எம் புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்கம்மா. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கும்பிட்டார். "எனக்கு என்ன தெரியும், நான் பூஜையும் புனஸ்காரமுமாக இருக்கிறவள்" என்றேன். மோரைக் குடிக்காமல் போனார்.

இனித் தந்தி. நீங்கள் இதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

தை மாதம், பகல் பதினோரு மணி. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சம்பந்தம் பின்னால் மெஷின் பக்கத்தில் இருந்தான். நாற்பது அடி தூரம். "செல்லாத்தாள் பிரசவம் ஆபத்து, உடனே வரவும்" என்று இருந்தது. படித்தேன். சோமனூருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு.

போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவன் போவான். சாகக் கிடக்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று நினைப்பான். அவள் இத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிடுவாள். மறு சஷ்டிக்கு இந்த வாசலில் திருநீறு வாங்க யார் வருவார்கள்? நான் யாரையும் கொல்லவில்லை. ரத்தப்போக்குக்கு நான் என்ன செய்ய முடியும்? அவன் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னதாகக் கேள்வி. புருஷனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னார்கள். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கிழித்திருக்கவேண்டும். அடுப்பில் போட்டிருக்கவேண்டும். என் கை பத்து வருஷப் பழக்கத்தில் வேலை செய்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய தாள் எதையும் நான் எறிந்ததில்லை. மேஜையில் இருந்த கம்பியில் ஹோட்டல் பில்லின் மேல் குத்திவிட்டேன். அதன் மேல் அடுத்த மாதத்துப் பில், அதற்கும் மேல் அடுத்தது. போன மாதம் விற்பனை வரி ஆபீசர் பழைய பில்லெல்லாம் கேட்டார். சம்பந்தம் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினான். நான் தடுக்கப் போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கத்தவில்லை. தந்தியை வைத்துக்கொண்டு, "அக்கா, அந்த ரோஸ்டு யாருக்கா தின்னது?" என்று கேட்டான். என்ன புத்திசாலி பாருங்கள். தந்தியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வளர்த்த பிள்ளை அல்லவா? "நான்தான் கண்ணு" என்றேன். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் சோமனூருக்குப் போனான்.

ஆக, எழுதுங்கள். அந்தப் பலகாரம் தின்றது ஞானசம்பந்தத்தின் அக்காள் கமலாம்பாள். செல்லாத்தாள் அந்த மூன்று நாளும் உண்மையிலேயே பட்டினி இருந்தாள், இடைவிடாமல் பாடிக்கொண்டிருந்தாள், அது என் காதில் விழுந்தது. வேறு எந்த ஆளும் அந்த வீட்டுக்கு வரவில்லை. குழந்தை என் தம்பியின் குழந்தை. தந்தியை வாங்கி மறைத்தது நான். போதுமா?

கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

எல்லாம் சரி. கடைசிப் பாராவில் ஒரு வரி மட்டும் தப்பு. "இவை அனைத்தையும் என் சுயநலத்துக்காகச் செய்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள முடியாது, அடித்துவிடுங்கள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டபின், அடுத்த மாதத்துப் பில் வந்ததும் சம்பந்தம் முதலில் பார்த்தது சஷ்டி தேதியைத்தான். அன்று எந்தச் சீட்டும் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. அவள் போனாள், சஷ்டிப் பற்றும் நின்றது என்று அவன் மனசு அடங்கியது. அந்த மூன்று சஷ்டியும் நான் பூஜை அறைக்குள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன், ஐயா. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெய் வாசனை சந்தில் போய்க்கொண்டிருந்தது, நான் சன்னலைத் திறக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்காக அவ்வளவு செய்திருக்கிறேன். அதையும் இங்கே சேர்த்து எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.